புதினம் மேடையேறிய வரலாறு

பிரெஞ்சு நாட்டுப் பெரும்புலவர் விக்டர் ஹியூகோ 1862-ஆம் ஆண்டில் ‘லே மிசெராபிள்’ என்னும் புதினத்தை வெளியிட்டார். கவியோகி சுத்தானந்த பாரதியார் இதனை ‘ஏழை படும் பாடு’ என்னும் பெயரால் தமிழில் தந்துள்ளார். ஐந்து பகுதிகளாக அமைந்த இப்பெருநூலைப் படித்து முடிக்கப் பல நாள் வேண்டும். நாடகம் காண வருவோரோ சில மணி நேரமே அமர்ந்திருப்பர். கடலைக் குடத்துள் அடக்குவது எங்ஙனம்?

நூலாசிரியரின் மைந்தர் சார்லஸ் ஹியூகோ ஆக்கிய நாடகம் 1863-இல் பிரசல்ஸ் நகரில் நடிக்கப்பெற்றது. பின்னர், பூப்லில், ஷோன்பெர்க் என்னும் இருவர் ஆக்கிய இசை நாடகம் 1980-இல் பாரிஸ் நகரிலும், அதன் ஆங்கில வடிவம் 1985-இல் லண்டன் மாநகரிலும் அரங்கேறின.

விடத்தக்கது எது, விடத்தகாதது எது எனத் தெளிதலே நாடகம் ஆக்குவோரின் முதற்கடமை. ஹியூகோ பல அதிகாரங்களில் வருணித்த வாட்டர்லூப் போரை இசை நாடகத்தார் விட்டனர். ஆயர் ஒருவரின் வாழ்க்கையை அவர் விரிவாகக் கூறியுள்ளார். மேடையிலோ, தம் வெள்ளிப் பொருள்களைத் திருடியவனையே அவ்வாயர் காத்து விடுவிக்கும் ஒரு காட்சி போதுமானதாயிற்று. ஒரு செயலில் ஒருவரது உள்ளம் முழுதும் விளங்குமாயின், அச்செயலே மேடைக்கு உரியது.

அத்திருடனே வால்ஜீன். பசித்த குழந்தைகளுக்காக ரொட்டி திருடிச் சிறை புகுந்து, 19 ஆண்டுகளின் பின் வெளிவந்த அவன், பெயரை மாற்றிக்கொண்டு ஒரு நகரத்தின் தலைவனாக உயர்கிறான். அந்நிலையில், வேறொருவனை வால்ஜீன் எனப் பிழைபடக் கருதி வழக்குமன்றத்தில் நிறுத்துகின்றனர். வாய் திறவாதிருப்பின் குற்றமற்றவன் ஆயுள் முழுதும் துன்புறுவான். உண்மை உரைப்பின் தான் சிறை புக நேரும். அவ்விரவில் அவன் நெஞ்சில் எழுந்த புயலை ஹியூகோ நீண்டதோர் அதிகாரமாக எழுதினார். நெஞ்சினுள் நிகழ்வதைக் காண்போர் எவ்வாறு அறிவர்? வால்ஜீன் தன்னையே வினவிக்கொள்ளும் ஒரு பாடலாக நாடகத்தார் அதனை மாற்றினர். சில நிமிடங்களில் முடியும் அப்பாடலின் இறுதியில், அவன் மன்றத்தார் முன் தன்னை வெளிப்படுத்துகிறான்.

சொல்லின்றியும் மேடை பேசும். 1832-ஆம் ஆண்டுப் பாரிஸ் கிளர்ச்சியில் மாணவர் அமைத்த தடுப்பரண் லண்டன் மேடையில் எழுந்தது. போர் ஓய்ந்தபின் சுழல்மேடை திரும்ப, அரணின் மறுபுறத்தே மாண்டு கிடந்த மாணவர் தலைவனைக் கண்டோர் கலங்கினர்.

அரங்கேற்றத்தின்போது திறனாய்வாளர் பலர் குறை கூறினர்; மக்களோ திரண்டு வந்தனர். எனினும் இழப்பு இல்லாமல் இல்லை. வறுமையும் கொடிய சட்டமும் மனிதனை எவ்வாறு கெடுக்கின்றன என ஹியூகோ ஆராய்ந்து எழுதிய பக்கங்களுள் பல மேடை ஏறவில்லை. ஆதலின், நாடகம் கண்டு நெகிழ்ந்தவர் நூலையும் கற்றல் நன்று.