ஸ்குரூவைத் தொடுமுன் ஹாங்கரைப் பார்

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய குரல்பதிவைக் கேட்டேன். செல்வச்சந்நிதிக் கோயில் வாசலில் வரிசையாக நின்ற சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்ததில் உன்னுடையது அடியில் அகப்பட்டுவிட்டது. அன்றிலிருந்து பெரிய பல்லுக்கு மாற்றினால் கம்பியில் தட்டுகிறது, நடுப் பற்களில் செயின் நிற்காமல் துள்ளுகிறது, கேபிளையும் எல்லை ஸ்குரூக்களையும் இறுக்கியும் தளர்த்தியும் சரிவரவில்லை என்கிறாய். இனி அந்த ஸ்குரூக்களைத் தொடாதே. பெரிய பல்லுக்கும் மாற்றாதே. செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் டிரெய்லியர் ஓட்டத்தில் கம்பிக்குள் இழுபட்டால் சில்லோடு பிறேமும் போய்விடும்.

சைக்கிளுக்கு நேர் பின்னால் குந்தியிருந்து பார். டிரெய்லியரில் இருக்கும் இரண்டு சின்னச் சில்லுகளும் மேலிருந்து கீழாக ஒரே கோட்டில், பின்சில்லுக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும். கீழ்ச் சில்லு கம்பிப் பக்கம் சாய்ந்திருந்தால், வளைந்தது பெரும்பாலும் ஹாங்கர்தான். டிரெய்லியரையும் பிறேமையும் இணைக்கும் விரலளவு அலுமினியத் துண்டு அது. வீட்டு மின்சாரத்தில் பியூஸ் செய்யும் வேலையை இங்கே அது செய்கிறது: அடி விழுந்தால் தான் வளைந்தோ முறிந்தோ, விலை கூடிய இரண்டையும் காப்பாற்றும். அதற்காகவே மென்மையாகச் செய்திருக்கிறார்கள். பழைய இரும்புப் பிறேம்களில் ஹாங்கர் பிறேமோடு சேர்ந்தே இருந்தது, வளைந்தால் நிமிர்த்தலாம். அலுமினியத்தை அப்படித் திருப்பித் திருப்பி நிமிர்த்த முடியாது, வெடித்துவிடும். அதனால்தான் கழற்றி மாற்றும் துண்டாக்கினார்கள்.

கொஞ்சம் சாய்ந்தால் என்ன என்று கேட்பாய். ஹாங்கர் 2 பாகை சாய்ந்தால் ஆறு சென்ரிமீற்றர் கீழே இருக்கும் சின்னச் சில்லு ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் நகர்ந்துவிடும். ஏழு பல்லுச் சைக்கிளில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைவெளி 5 மில்லிமீற்றர். பதினொரு பல்லில் 4 கூட இல்லை. பாதி வழி பிசகிவிட்ட ஒன்றைக் கேபிளால் எப்படிச் சரிக்கட்டுவது? ஒரு பல்லுக்குச் சரியாக்கினால் அடுத்த பல்லில் பிசகும்.

முதலில் பழைய ஹாங்கரைக் கழற்று. செயினைச் சின்னப் பல்லுக்கு இறக்கி, பின்சில்லைக் கழற்றி, டிரெய்லியரை 5 மில்லிமீற்றர் அலன் கீயால் எடுத்துக் கேபிளோடு தொங்கவிடு. பிறகு ஹாங்கரைப் பிடித்திருக்கும் சின்ன போல்ட்டுகளைக் கழற்று. தொண்டைமானாற்றுக் கடற்காற்றில் இரும்பு போல்ட்டும் அலுமினியமும் சேரும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்து இறுகிப்போயிருக்கும். பலவந்தப்படுத்தினால் தலை வழுக்கிவிடும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவிடு. கழற்றிய துண்டைச் சதுரக்கோட்டுக் கொப்பித் தாளில் வைத்து இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. துளைகளுக்கிடையிலான தூரத்தையும் எழுது. ஹாங்கரில் நூற்றுக்கணக்கான வடிவங்கள் இருக்கின்றன, ஒன்று மற்றதில் பொருந்தாது. 2019இல் ஸ்ராம் கொம்பனி எல்லாப் பிறேமுக்கும் ஒரே வடிவம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. உன் சைக்கிள் அதற்கு முந்தியது. தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் யாழ்ப்பாணமே சைக்கிளில்தான் ஓடியது. அந்தக் கியர் இல்லாத சைக்கிள்களுக்கு எந்தக் கடைச் சாமானும் பொருந்தும். இப்போது ஒரு சின்னத் துண்டுக்காகக் கடல்கடந்து ஆள் தேடவைப்பது எனக்குப் பிடிக்கவேயில்லை.

நான் இரண்டு அனுப்புவேன். புதியதை மாட்டும்போது பிறேமில் அது உட்காரும் இடத்தைத் துடைத்து மெல்லிய கிறீஸ் பூசு. போல்ட்டை அளவாக இறுக்கு. புதிது என்பதற்காக நேராக இருக்கும் என்று நம்பிவிடாதே; அது உட்காரும் இடமே அடியில் கொஞ்சம் திரும்பியிருக்கலாம். அளந்துதான் பார்க்க வேண்டும்.

கடைகளில் இதற்கென்று நீண்ட கைபிடியோடு ஒரு அளவுகோல் உண்டு. உனக்கு அது வேண்டாம். அண்ணாவின் பழைய சைக்கிளின் பின்சில்லு போதும். உன் பின்சில்லைப் பூட்டிச் சரியாக உட்காரவைத்துவிட்டு, அண்ணாவுடைய சில்லின் அச்சிலிருந்து விரைவுப் பூட்டுக் கம்பியை உருவி எடு. பல்லில்லாத பக்கத்து அச்சு நுனியை ஹாங்கர் துளையில் கையால் மெதுவாகத் திருகு. துளையின் மரை 10 மில்லிமீற்றர், ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீற்றர். விரைவுப் பூட்டுள்ள பின் அச்சுகளுக்கும் பொதுவாக அதே மரைதான். நட் போட்டு இறுக்கும் சாதாரணச் சைக்கிள் அச்சு பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் பெரும்பாலும் அங்குல மரை. அதைத் திருகினால் புது ஹாங்கர் பாழ். கையால் வழுக்கிக்கொண்டு போகாவிட்டால் உடனே நிறுத்து.

இப்போது இரண்டு சில்லும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பெடல் முட்டாமல் முன்னுக்குத் திருப்பிவிட்டு, ரிம்முக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியை மேலே, கீழே, முன்னே, பின்னே அள. ரிம் நெளிந்திருந்தால் அளவு பொய் சொல்லும். அதற்காக இரண்டு வால்வுகளையும் ஒவ்வொரு இடத்துக்கும் திருப்பிக் கொண்டுவந்து, எப்போதும் அந்த வால்வடியிலேயே அள. கீழே இடைவெளி குறைந்து மேலே கூடியிருந்தால் ஹாங்கர் உட்பக்கம் மடிந்திருக்கிறது. சில்லையே கைபிடியாகப் பிடித்து மெல்ல வெளியே இழு, விடு, திரும்ப அள. முதலில் மேல்-கீழ், பிறகு முன்-பின். நான்கு அளவுக்கும் வித்தியாசம் 4 மில்லிமீற்றருக்குள் வந்தால் ஓடலாம். நீ 2க்குள் கொண்டுவா, பொறுமை உனக்கிருக்கிறது.

அதன்பிறகுதான் ஸ்குரூக்கள். சின்னப் பல்லின் எல்லை, பெரிய பல்லின் எல்லை, கடைசியாகக் கேபிள். பெரிய பல்லின் எல்லையைப் பெடலைக் கையால் சுற்றியே பார். ஏறி ஓடிப் பார்க்காதே.

பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை சைக்கிளில் போகப்போகிறேன் என்றாய். அம்மா பயப்படுகிறா, நான் சந்தோஷப்படுகிறேன். பக்கத்து வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1979இல் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவில் 187 மணித்தியாலத்துக்கு மேல் நிற்காமல் ஓட்டியவர். நம் கரைக்கு நீண்ட ஓட்டம் புதிதில்லை. இரண்டாவது ஹாங்கரையும் அதன் போல்ட்டுகளையும் 5 மில்லிமீற்றர் அலன் கீயையும் சீற்றுக்குக் கீழே பையில் கட்டிக்கொள். பஸ்ஸில் ஏற்ற நேர்ந்தால் செயினைச் சின்னப் பல்லுக்கு இறக்கி, வலப்பக்கம் மேலே இருக்கும்படி படுக்கவை. படத்தைச் சனிக்கிழமைக்கு முன் அனுப்பு. திங்கட்கிழமை ஒருவர் ஊருக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
மாமா