ஈறுகளின் அழற்சியும் அன்றாட உணவும்

மைசூருவிலிருந்து பெங்களூரு செல்லும் சாலையில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்றால், காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து அணைத்து நிற்கும் தீவாக ஸ்ரீரங்கப்பட்டணம் எதிர்ப்படும். அரங்கநாதரைத் தரிசிக்க வருவோர் கோயிலையும் கோட்டையையும் கண்டு திரும்புவர். சுற்றியுள்ள வயல்களை நின்று பார்ப்போர் குறைவு. கண்ணம்பாடி அணையின் கால்வாய் நீர் பாயத் தொடங்கிய பின்னர் இவ்வட்டாரம் கரும்புச் சீமையாயிற்று. 1933-இல் மண்டியாவில் சர்க்கரை ஆலை தோன்றியது. வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளின் இனிய மணம் இன்றும் பருவந்தோறும் சாலை வரை வீசும்.

என் தாய்மாமா வாழ்வது இவ்வூரில்தான். வயது 57. வெள்ளைச் சர்க்கரையைப் பத்தாண்டுகளுக்கு முன்பே துறந்துவிட்டதில் அவருக்குப் பெருமிதம் உண்டு. காப்பியிலும் வெல்லம், பாயசத்திலும் வெல்லம். காலையும் இரவும் தவறாமல் பல் துலக்குவார். ஆயினும் இரண்டாண்டுகளாக, வாய் கொப்பளிக்கும் நீரில் இரத்தம் கலந்து வந்தது. "தூரிகை கடினமாக இருக்கிறது, வேறொன்றுமில்லை" என்று அதனை ஒதுக்கினார். சென்ற ஆண்டு கீழ்த்தாடையின் முன்பற்கள் இரண்டு ஆடத் தொடங்கியபோதுதான் மருத்துவரை நாடினார். ஒழுங்காகப் பல் துலக்கும் ஒருவருக்கு இந்நிலை ஏன் வந்தது என்பதே நம் பாடத்தின் தொடக்கம்.

ஈறு நோய்க்கு முதற்காரணம் பற்களின்மீது படியும் கிருமிப் படலம். இதில் ஐயமில்லை. 1965-இல் ஹரால்டு லோ என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் டென்மார்க்கில், நலமான ஈறுகளை உடைய 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் செய்தனர். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சில நாள்களில் பழைய நிலை திரும்பியது. இந்தத் தொடக்க நிலைக்கு ஈறு அழற்சி என்று பெயர். இது முற்றிலும் மீளக்கூடியது. அழற்சி ஆழத்தில் இறங்கி, பல்லைத் தாங்கும் தசைநாரையும் எலும்பையும் அரிக்கத் தொடங்கினால் அது வேறு நோய். இழந்த எலும்பு தானாக வளர்ந்து வருவதில்லை.

ஆனால் படலம் சேர்ந்த எல்லோருக்கும் எலும்பு அரிக்கப்படுகிறதா? இதற்கான விடை இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கிடைத்தது. அதே லோ 1970-இல் தொடங்கி 15 ஆண்டுகள், அங்கே உழைத்த 480 ஆண் தொழிலாளர்களின் வாய்நலத்தைத் தொடர்ந்து பதிவு செய்தார். நாம் அறிந்த முறையில் பல் துலக்கும் வழக்கமோ, பல் மருத்துவ வசதியோ அவர்களுக்கு இருந்ததில்லை. எல்லோர் பற்களிலும் படலமும் காறையும் மிகுந்திருந்தன. எல்லோர் ஈறுகளும் வீங்கியிருந்தன. ஆனால் விளைவு மட்டும் ஒன்றாக இல்லை. ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு நோய் விரைந்து முற்றி, 45 வயதுக்குள் பற்களின் பிடிப்பு பெரும்பாலும் அழிந்துவிட்டது. 81 விழுக்காட்டினருக்கு நடுத்தர வேகம். எஞ்சிய 11 விழுக்காட்டினருக்கு ஈறு அழற்சிக்கு மேல் நோய் நகரவே இல்லை. நம் மக்கள் பட்ட துன்பத்திலிருந்து உலகப் பல் மருத்துவம் கற்ற பாடம் இது என்பதை நினைக்கையில் மனம் சற்றுக் கனக்கிறது.

கிருமிப் படலம் நெருப்புப் பொறி என்றால், அது எவ்வளவு பரவும் என்பதை உடலின் எதிர்வினை முடிவு செய்கிறது. கிருமிகளை எதிர்க்க ஈற்றுக்குள் வந்து குவியும் வெள்ளணுக்கள் சைட்டோகைன் எனப்படும் வேதிச் செய்திகளை வெளியிடுகின்றன. அவை அளவாக இருந்தால் காவல். அளவுமீறி நாள்கணக்கில் நீடித்தால் எலும்பைக் கரைக்கும் செல்களை அவையே தூண்டிவிடும். பல் இழப்புக்கு வழிவகுக்கும் அழிவில் பெரும்பகுதி, கிருமி நேரடியாகச் செய்வதன்று. காவலே கைமீறிச் செய்வது. மரபு, புகையிலை, நீரிழிவு, வயது ஆகியவை இந்த எதிர்வினையை மாற்றக்கூடியவை. உணவும் அவ்வரிசையில் சேரும்.

2009-இல் வெளிவந்த சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்று இதனை வியப்பூட்டும் வகையில் காட்டியது. பத்துப் பேர் நான்கு வாரம் கற்கால மனிதரைப் போல வாழ்ந்தனர். தூரிகையும் பற்பசையும் இல்லை. அதே வேளையில் சுத்திகரித்த சர்க்கரையும் இல்லை. முழுத் தானியம், காய், கனி, மீன் முதலியவையே உணவு. பற்களில் படலம் கூடியது. ஆயினும் தொட்டால் இரத்தம் கசியும் இடங்கள் ஏறத்தாழ 35 விழுக்காட்டிலிருந்து 13 விழுக்காடாகக் குறைந்தன. 2016-இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகர ஆய்வாளர்கள், துலக்கும் பழக்கத்தில் மாற்றம் செய்யாமல் உணவை மட்டும் மாற்றிப் பார்த்தனர். மாவுச்சத்தும் சர்க்கரையும் குறைவு. நார்ச்சத்து, வைட்டமின் சி, ஒமேகா-3 கொழுப்பு ஆகியவை மிகுதி. நான்கு வாரங்களில் ஈற்றின் இரத்தக்கசிவு பாதியளவு குறைந்தது. இரண்டும் மிகச் சிறிய ஆய்வுகள் என்பதை மறக்கலாகாது. இவை காட்டுவது ஈறு அழற்சி தணிவதை மட்டுமே, எலும்பு மீள்வதை அன்று. ஆகவே தூரிகையைத் தூர எறிய இவை உரிமம் ஆகா.

இனி மாமாவின் வெல்லத்துக்கு வருவோம். வெல்லத்தில் இரும்பும் பிற தாதுக்களும் சிறிதளவு உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது சர்க்கரையே. கரும்பின் சாறு பானையில் கட்டியானாலும் ஆலையில் படிகமானாலும் இரத்தத்தில் கலந்தபின் உடல் வேற்றுமை பாராட்டுவதில்லை. நாளுக்கு நான்கு குவளைக் காப்பி, ஒவ்வொன்றிலும் 10 கிராம் வெல்லம் என்றால் 40 கிராம். மாலையில் நெடுஞ்சாலையோரம் ஒரு குவளைக் கரும்புச்சாறு அருந்தினால் மேலும் 30 கிராம் அளவு. 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்கு இத்தகைய சர்க்கரை 50 கிராமைத் தாண்டலாகாது, 25 கிராமுக்குள் இருப்பது மேலும் நன்று என்பது உலக நலவாழ்வு நிறுவனம் 2015-இல் வழங்கிய வழிகாட்டல். இரத்தச் சர்க்கரை அடிக்கடி உயர்ந்து தாழும்போது அழற்சிச் செய்திகளும் பெருகுகின்றன. வாயில் எஞ்சும் இனிப்போ படலத்திற்கு உரமாகிறது.

நல்வேளையாக, அழற்சியைத் தணிக்கும் உணவுக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தார் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. கேழ்வரகுக் களி, கீரைக் குழம்பு, அவரை, துவரை ஆகியவை அவ்வூரின் பழைய உணவே. கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. களியின் அளவு பெருகினால் அதுவும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்பதால், உருண்டையைச் சிறிதாக்கிக் கீரையைக் கூட்டுவது தகும். ஈற்றின் இழைகளுக்கு வைட்டமின் சி இன்றியமையாதது. அது அறவே இல்லாமற்போனால் வரும் ஸ்கர்வி நோயின் முதல் அடையாளங்களில் ஒன்று ஈறு வீங்கிக் குருதி கசிவது. கொய்யாப்பழம் 100 கிராமில் இச்சத்து 200 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. பெரியவர் ஒருவரின் அன்றாடத் தேவை இதில் பாதிக்கும் குறைவு. மீன் உண்ணாதோர் ஒமேகா-3 கொழுப்புக்கு ஆளிவிதைப் பொடியைச் சேர்க்கலாம். வெற்றிலையோடு புகையிலை மெல்லும் வழக்கத்தை மட்டும் எந்த உணவாலும் ஈடுசெய்ய இயலாது. புகைபிடிப்போருக்கோ நோய் முற்றினாலும் இரத்தம் அதிகம் கசியாது, எச்சரிக்கையே மறைந்துவிடும்.

மாமாவின் ஈறுகளைச் சோதித்த மருத்துவர் முதலில் கேட்டது பல்லைப் பற்றியன்று, இரத்தப் பரிசோதனை எப்போது செய்துகொண்டீர்கள் என்பதே. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு 7.9 என்று வந்தது. அவருக்கு நீரிழிவு இருந்தது குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. நீரிழிவும் ஈறு நோயும் இருவழிப் பாதையில் நடப்பவை. சர்க்கரை மிகுந்தால் ஈறு கெடும். ஈற்றின் அழற்சி இன்சுலினின் செயலைத் தடுத்துச் சர்க்கரையை உயர்த்தும். நீரிழிவு உள்ளோருக்கு ஈறு நோய்ச் சிகிச்சை அளித்தால், மூன்று நான்கு மாதங்களில் எச்.பி.ஏ.1.சி. சராசரியாக 0.4 புள்ளி அளவு குறைகிறது என 2022-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு தெரிவித்தது. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேல். அவர்களுக்கு இச்செய்தி சிறிதன்று.

காறை நீக்கினால் பல் ஆடிப்போகும் என்ற அச்சம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. மாமாவும் இரு வாரம் அதனாலேயே தயங்கினார். எலும்பு கரைந்த பல்லைக் காறை சிமெண்டைப் போல அக்கம்பக்கத்துப் பற்களோடு ஒட்டி வைத்திருக்கும். அது நீங்கியதும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளிப்படும். ஆட்டத்தை உண்டாக்கியது துப்புரவு அன்று, உள்ளே நடந்த எலும்பிழப்பு.

இரு அமர்வுகளில் ஈற்றின் அடிவரை துப்புரவு செய்யப்பட்டது. காப்பி இரண்டு குவளையாகி வெல்லம் நின்றது. கரும்புச்சாறு பண்டிகை நாளோடு சரி. பற்களின் இடுக்குகளுக்கென மெல்லிய தூரிகை ஒன்றும் சேர்ந்தது. நான்காம் மாதம் பார்த்தபோது கொப்பளிக்கும் நீரில் சிவப்பு இல்லை. எச்.பி.ஏ.1.சி. 6.8, இதில் மாத்திரையின் பங்கும் பெரிது. ஆடிய இரு பற்களில் ஒன்று ஓரளவு இறுகியது. மற்றொன்றை எடுக்கவேண்டி வந்தது. அந்த இடைவெளி சிரிக்கும்போது தெரிகிறது என்பது மாமியின் குறை. அங்கே செயற்கைப் பல் பொருத்துவது குறித்து அடுத்த மாதம் முடிவு செய்வதாக மருத்துவர் கூறியிருக்கிறார்.