சிறுமீனுக்கேற்ற தூண்டிற்கோல்

தூண்டிலால் மீன் பிடிக்க விழைவோன், முதற்கண் தான் நாடும் மீனின் இயல்பை அறிதல் வேண்டும். காட்டுமன்னார்கோயிலை அடுத்த வீராணம் ஏரியிலும், அதற்குக் கொள்ளிடத்து நீரைக் கொணரும் வடவாற்றிலும் கெண்டை, கெளுத்தி, 1952-ஆம் ஆண்டில் இந்தியாவிற்குக் கொணரப்பட்ட ஜிலேபிக் கெண்டை முதலிய சிறுமீன்கள் வாழ்கின்றன. கெண்டையின் வாய் மென்மையானது. கடலூர் உப்பனாற்றின் கழிமுகத்திற் கொடுவா பிடித்தற்குரிய தடித்த கோலைக் கொண்டு அதனை வெடுக்கென இழுப்பின், முள் வாயைக் கிழித்துவிடும். அம்மீன் நமக்கும் உதவாது. தானும் புண்பட்டு வருந்தும். நுனி வளையுங் கோலாயின், அவ்வளைவே இழுப்பின் விசையைத் தாங்கிக்கொள்ளும்.

ஆகலின், முற்றியதும் நேரானதும் கணுக்கள் நெருங்கியதுமான மெல்லிய மூங்கிலைத் தேர்ந்து நிழலில் உலர்த்துக. பச்சை மூங்கில் கனக்கும், வளைந்தபடியே நின்றுவிடும். உலர்ந்த கோலின் அடியைப் பற்றி மெல்ல அசைத்துப் பார்க்க. நுனி ஆடி விரைவில் நிலைக்குமாயின் நன்று. நடுவே தொய்தலோ, நெரியும் ஓசையோ உண்டாயின் விலக்குக. வாய்க்காற் கரைக்கு 8 அடி நீளம் அமையும். கோரை அடர்ந்த ஏரிக்கரைக்கு 12 அடி வேண்டும். நரம்பும் ஏறக்குறையக் கோலின் நீளமே இருத்தல் நலம். மிகுந்தால் மீனைக் கைக்கெட்டக் கொணர்தல் அரிது.

வினைக்கேற்ற கருவியே சிறந்த கருவி என்பது, விலைகொடாது கிடைக்கும் இம்மூங்கிற் கோலாலும் விளங்கும்.