இடைவெளியால் பிரிந்த எண்களைக் கணிப்பொறி படித்தல்: போர்ட் பிளேர் வானிலைச் செய்தி

2024 ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகரின் வானிலை நிலையத்திற்குரிய சர்வதேச எண் 43333 ஆகும். இவ்வெண், செய்தியைப் பிரித்தறியும் பாடத்திற்குத் தகுந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

தரைநிலை வானிலைச் செய்தி, இடைவெளியால் பிரிந்த ஐந்திலக்கத் தொகுதிகளாக எழுதப்படுவது. தலைப்பெழுத்துக்களை நீக்கிய பயிற்சிச் செய்தி ஒன்று வருமாறு:

01034 43333 32458 42405
10284 20251 40085
333 20240=

முதல் தொகுதி, மாதத்தின் முதல் நாள், உலக நேரம் 3 மணி, அதாவது இந்திய நேரம் காலை 8.30 என்பதைக் குறிக்கும். முதல் நான்கு தொகுதிகளின் பொருள் அவை நிற்கும் வரிசையால் அறியப்படும். அதன்பின் ஒவ்வொன்றும் தன் முதலிலக்கத்தால் அறியப்படும். 10284 என்பதில் 1 வெப்பநிலையையும், 0 அது சுழிக்குக் கீழன்று என்பதையும், 284 என்பது 28.4 பாகை செல்சியஸையும் காட்டும். (அந்தமானில் அவ்விரண்டாம் இலக்கம் 1 என வருமாயின் பிழை எனத் தயங்காது கொள்ளலாம்.) 20251 பனிநிலை 25.1 பாகை, 40085 கடல்மட்ட அழுத்தம் 1008.5 மில்லிபார்.

தனித்து நிற்கும் 333 மூன்றாம் பிரிவின் தொடக்கம். அதன்பின் முதலிலக்கங்களின் பொருள் மாறிவிடும்: 1 அதிகபட்ச வெப்பநிலை, 2 குறைந்தபட்ச வெப்பநிலை. ஆகவே 20240 என்பது பனிநிலையன்று, குறைந்தபட்சம் 24.0 பாகை.

செய்தியைச் சொற்களாகப் பிரிக்காமல், எழுத்துத் தொடரில் 333 எங்குள்ளது என்று மட்டும் தேடும் நிரல், 43333 என்ற நிலைய எண்ணுக்குள்ளேயே அதனைக் கண்டுவிடும். மூன்றாம் பிரிவு அங்கேயே தொடங்கிற்று எனக் கருதி, 28.4 பாகையை அதிகபட்சமாகவும், பனிநிலை 25.1 பாகையைக் குறைந்தபட்சமாகவும் பதிவு செய்யும். அவ்வெண்கள் இத்தீவுக்கு இயல்பானவை போலவே தோன்றுவதால், பதிவேட்டைப் பார்ப்பவர் ஐயுறார். வேறு நிலையங்களின் செய்திகளைக் கொண்டு மட்டும் சோதிக்கப்பட்ட நிரலில் இப்பிழை வெளிப்படாமலே கிடக்கக்கூடும்.

பைத்தான் மொழியில் 'இன்புட்' என்னும் கட்டளை ஒரு வரியை மட்டுமே வாங்கும். மேற்கண்ட செய்தியோ மூன்று வரி. ஆதலின் உள்ளீடு முழுவதையும் படித்து, 'ஸ்ப்ளிட்' கட்டளையை அடைப்புக்குறிக்குள் எதுவும் இடாமல் வழங்க வேண்டும். அப்போது இடைவெளி ஒன்றாயினும் பலவாயினும், தாவல் குறியாயினும், வரி முடிவாயினும் ஒரே பிரிப்பாகக் கொள்ளப்படும். ஓர் இடைவெளியைக் குறிப்பிட்டு வழங்கினால், இரட்டை இடைவெளி உள்ள இடத்தில் வெற்றுச்சொல் ஒன்று பிறந்து, வரிசையால் அறியப்படும் தொகுதிகள் இடம் பெயரும். இறுதியிலுள்ள சமக்குறியைப் பிரிப்பதற்கு முன்பே நீக்கிவிடுக.

பிரித்த சொற்களை உடனே முழுவெண்ணாக மாற்றுதல் கூடாது. 01034 என்பது 1034 ஆகி, நாளும் நேரமும் சிதையும். இலக்கங்களை வெட்டியெடுத்த பின்னரே மாற்றுக. காணப்படாத அளவுக்குச் சாய்கோடுகள் இடப்படும். 1//// என்ற தொகுதியை எண்ணாக மாற்ற முயன்றால் நிரல் நின்றுவிடும். அதற்கஞ்சிச் சுழியை இட்டால், போர்ட் பிளேரில் நீர் உறையும் குளிர் பதிவாகும். அவ்விடத்தை வெறுமையாக விடுவதே முறை.