ஒரே ஆண்டு, பல கணக்கு

லிவர்மோரில் ஒரு வீடு. சுவரில் தமிழ் நாள்காட்டி தொங்குகிறது.

"தாத்தா, இதுல 2025னு போட்டிருக்கு. 2056னும் போட்டிருக்கே! எது சரி?"

"ரெண்டும் சரிதான், கண்ணு. 2056 திருவள்ளுவர் ஆண்டு. எங்கிருந்து எண்ண ஆரம்பிக்கிறோமோ, அதுக்கேத்த மாதிரி எண் மாறும்."

பழங்காலத்திலும் இப்படித்தான். அப்போது காஞ்சியில் பல்லவ அரசர் சிம்மவர்மன் ஆண்டார். சர்வநந்தி என்ற சமண முனிவர் 'லோகவிபாகம்' என்ற நூலை எழுதி முடித்தார். அது சக ஆண்டு 380. சிம்மவர்மன் அரசரான 22ஆம் ஆண்டும் அதுதான். வட இந்தியாவில் குப்தர்கள் 'குப்த ஆண்டு' என்று தனியாக எண்ணினார்கள்.

ரோமானியர்கள் என்ன செய்தார்கள்? ஆண்டுக்குப் பெயர் வைத்தார்கள்! கான்சல் என்பது ஒரு பெரிய பதவி. "லியோவும் மயோரியனும் கான்சல்களாக இருந்த ஆண்டு" என்று சொன்னார்கள்.

நாம் அந்த ஆண்டை கி.பி. 458 என்கிறோம். அன்று யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஏன் தெரியுமா? டயோனீசியஸ் என்ற துறவி அந்தக் கணக்கை 525இல்தான் உருவாக்கினார்!

பயிற்சி

1. சக ஆண்டுடன் 78ஐக் கூட்டினால் கி.பி. ஆண்டு கிடைக்கும். சக ஆண்டு 1900 எந்த கி.பி. ஆண்டு?
2. நீங்கள் பிறந்த ஆண்டுடன் 31ஐக் கூட்டுங்கள். அது எந்தத் திருவள்ளுவர் ஆண்டு?
3. "பெரிய புயல் அடிச்ச வருஷம்" என்று பாட்டி சொல்வதுண்டு. உங்கள் வீட்டில் எந்த ஆண்டுக்கு இப்படி ஒரு பெயர் உண்டு? கேட்டு எழுதுங்கள்.