இரு கைகள் கொண்ட ஒரு மூலக்கூறு

பல்பகுதியம் என்றதும் உயர்தர வகுப்பில் இருக்கும் நம்மில் அநேகருக்கு ஒரு பட்டியல்தான் ஞாபகம் வரும். பொலித்தீன், பொலிவைனைல் குளோரைட்டு, தெப்லோன், நைலோன். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒருபகுதியம், ஒரு பயன்பாடு. பரீட்சைக்கு அது போதும். ஆனால் ஒருபகுதியத்தின் எந்தப் பிணைப்பு முதலில் திறக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மனனம் செய்த பாடம் யோசிக்க வேண்டிய பாடமாகிவிடும். அப்படிக் கேட்பதற்கு நான் தேர்ந்தெடுத்தது கிளைசிடைல் மெதக்கிரிலேற்று. பெயர்தான் நீளம். மூலக்கூறில் இருப்பது 7 காபன், 10 ஐதரசன், 3 ஒட்சிசன் மட்டுமே. ஒரு மூலின் திணிவு 142 கிராம்.

இதன் ஒரு முனையில் காபன் - காபன் இரட்டைப் பிணைப்பு உண்டு. பெர்ஸ்பெக்ஸ் தகடு செய்யும் ஒருபகுதியத்தில் இருப்பதும் இதுவே. நடுவில் ஓர் எசுத்தர். மறு முனையில்தான் விசேடம்: இரண்டு காபனும் ஓர் ஒட்சிசனும் சேர்ந்த முக்கோண வளையம். இதை எப்பொட்சி வளையம் என்பர். நான்கு தனிப் பிணைப்புகள் கொண்ட காபன் விரும்பும் கோணம் 109.5 பாகை, இந்த வளையத்திலோ ஏறத்தாழ 60 பாகைதான். வளைத்துக் கட்டிய பிரம்பு போல அது அவிழக் காத்திருக்கிறது. போதாததற்கு ஒட்சிசன் இலத்திரன்களைத் தன் பக்கம் இழுப்பதால் வளையத்துக் காபன்கள் சற்று நேரேற்றம் பெறுகின்றன. அமைன், பீனோல், காபொட்சிலேற்று போன்ற கருநாடிகள் வந்து தாக்க, வளையம் திறந்து பக்கத்துக் காபனில் ஓர் ஐதரொட்சில் கூட்டம் மிஞ்சுகிறது. நைலோன் உருவாகும்போது நீர் வெளியேறுவது போல இங்கே எதுவும் வெளியேறுவதில்லை.

ஆக, இந்த மூலக்கூறுக்கு இரண்டு கைகள். இரட்டைப் பிணைப்பை எழுப்புவது சுயாதீன மூலிகம். வளையத்தைத் திறப்பது கருநாடி. ஒரு கை வேலை செய்யும்போது மற்றதைப் பெரும்பாலும் சும்மா இருக்க வைக்கலாம். எந்தக் கையை முதலில் நீட்ட விடுகிறோம் என்பதில்தான் கிடைக்கும் பொருளின் பயன் தங்கியிருக்கிறது.

முதலில் இரட்டைப் பிணைப்பைத் திறந்தால் நீண்ட சங்கிலி கிடைக்கும். அதன் ஒவ்வோர் அலகிலும் ஓர் எப்பொட்சி வளையம் திறக்காமல் தொங்கிக்கொண்டிருக்கும். இத்தகைய பல்பகுதியத்தைத் துளைகள் நிறைந்த குறுமணிகளாகச் செய்து ஒரு நொதியக் கரைசலில் இட்டால், நொதியப் புரதத்தின் அமைன் கூட்டங்கள் வளையங்களைத் திறந்து மணியோடு பிணைந்துவிடும். பென்சிலினை வெட்டி, அமொக்சிலின் போன்ற மருந்துகளுக்கான மூலப்பொருளைத் தரும் நொதியத்தை இவ்வகை மணிகளில் நிலைநிறுத்துகிறார்கள். வேலை முடிந்ததும் மணிகளை வடித்தெடுத்து மறுபடியும் பாவிக்கலாம். கரைசலில் கலந்த நொதியத்தை அப்படி மீட்பது மிகக் கடினம். கார்களுக்கு அடிக்கும் சில தூள் வர்ணப் பூச்சுகளும் இந்த வழியைச் சேர்ந்தவையே. அங்கே வளையங்களைத் திறப்பது சூடாக்கும்போது தாக்கம் புரியும் ஓர் அமிலம்.

முதலில் வளையத்தைத் திறந்தால் கதை வேறு. அமெரிக்காவில் ரஃபேல் போவன் என்ற பல் ஆய்வாளர் 1950களில் எப்பொட்சிப் பிசினால் பல் அடைக்க முயன்றார். அது இறுகுவதற்கு நேரம் அதிகம் எடுத்தது. வாயைத் திறந்தபடி யார் அவ்வளவு நேரம் இருப்பார்? அவர் பிஸ்பீனோல் ஏ மூலக்கூறின் இரு முனைகளிலும் ஒவ்வொரு கிளைசிடைல் மெதக்கிரிலேற்றைப் பிணைத்தார். வளையங்கள் இரண்டும் அங்கேயே திறந்து தீர்ந்துவிட, இரட்டைப் பிணைப்புகள் இரண்டும் மிஞ்சின. 1962இல் காப்புரிமை பெற்ற அந்தப் பொருளின் பெயர் பிஸ்-ஜீஎம்ஏ. இன்று பல் வைத்தியர்கள் வைக்கும் வெள்ளை அடைப்புகள் பலவற்றில் இருப்பது இதுதான்.

உம்மா கடைவாய்ப் பல்லை அடைக்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். பல் வைத்தியர் நீல வெளிச்சத்தைப் பிடித்ததைப் பற்றித்தான் வரும் வழியெல்லாம் பேச்சு. “லைட் அடிச்சா எப்படி மகள் அது காயுது?” என்று கேட்டார். உண்மையில் அது காய்வதில்லை. பசையில் கலந்திருக்கும் கம்பர்குயினோன் என்ற மஞ்சள் பொருள் 470 நனோமீற்றர் அளவான நீல ஒளியை உறிஞ்சி, ஓர் அமைனின் துணையோடு மூலிகங்களை உண்டாக்குகிறது. ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் இருப்பதால் தனிச் சங்கிலிக்குப் பதிலாக வலை பின்னப்படுகிறது; மென்றாலும் சூடான தேநீர் குடித்தாலும் இளகாது. வலை பின்னும்போது பசை சற்றுச் சுருங்கும். அதனால்தான் வைத்தியர் ஒரேயடியாக நிரப்பாமல் 2 மில்லிமீற்றர் அளவான படைகளாக வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒளி பாய்ச்சுகிறார். நிறையில் பாதிக்கு மேல் நுண்ணிய கண்ணாடி, சிலிக்காத் துணிக்கைகள் கலந்திருப்பதும் சுருக்கத்தைக் குறைக்கவும் உறுதி சேர்க்கவுமே.

பெற்றோர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: இவை நஞ்சில்லையா? கிளைசிடைல் மெதக்கிரிலேற்று ஒருபகுதியமாக இருக்கும்போது ஆபத்தானதே. எங்கள் டீஎன்ஏயிலுள்ள நைதரசன் அணுக்களும் கருநாடிகள்தாம். நொதியத்தைப் பிடித்த அதே வளையம் அவற்றையும் பிடிக்கும். சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் இதை 2ஏ தொகுதியில், அதாவது புற்றுநோயை ஏற்படுத்தக்கூடும் எனப் பலமாகக் கருதப்படும் பொருட்களில் சேர்த்துள்ளது. ஆகவே தொழிற்சாலையில் இதைக் கையாள்பவருக்குக் கையுறையும் காற்றோட்டமும் அவசியம். பல் அடைப்பில் அந்த வளையம் முன்பே திறந்துவிட்டது. பிஸ்பீனோல் ஏயும் ஈதர்ப் பிணைப்புகளால் கட்டுண்டிருப்பதால் உமிழ்நீரில் இலகுவில் பிரிந்து வராது. மாசாக இருக்கும் மிகச் சிறிதளவே வெளிவரக்கூடும்.

எனக்கு அதிகம் கவலை தருவது நகத்துக்குப் பூசும் ஜெல். அதிலும் மெதக்கிரிலேற்றுகள் உண்டு. விளக்கின் கீழ் இறுகுவதும் இதே மூலிகத் தாக்கத்தால்தான். வீட்டில் மலிவு விளக்கொன்றை வைத்து அரைகுறையாக இறுகச் செய்து, தோலிலும் பட்டால் ஒவ்வாமை வரலாம். வந்துவிட்டால் பிறகு பல் அடைப்புக்கும் உடல் மறுப்புக் காட்டலாம். விளக்கை அணைத்த பின்னும் மேற்பரப்பு சற்று ஒட்டும். காற்றிலுள்ள ஒட்சிசன் மூலிகங்களைப் பிடித்துக்கொள்வதே காரணம். பல் வைத்தியர் அந்த மேற்படையைத் தேய்த்து மினுக்கி நீக்குகிறார். நகத்திலிருந்து அதை அற்ககோல் நனைத்த பஞ்சால் துடைப்பார்கள். அந்தப் பஞ்சிலிருப்பது இன்னும் தாக்கமடையாத ஒருபகுதியம், வெறுங்கையால் தொட வேண்டாம்.