தொட்டிக்கு எத்தனை லிட்டர் மண்?

வீடு திரும்பும் நாளில் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகளுள் செடி வளர்ப்பைப் பற்றியதும் ஒன்று. மாடியில் நான்கு தொட்டிகள் வைத்துக்கொள்ளலாமா என்பார்கள். பெரும்பாலோருக்கு, அவரவர் மருத்துவரின் ஒப்புதலோடு, வைத்துக்கொள்ளலாம் என்றே விடை கூறுகிறோம். ஆயினும் மண்ணின் அளவைக் கணக்கிடாமல் தொடங்க வேண்டா என்றும் சேர்த்துச் சொல்கிறோம். மார்பெலும்பைத் திறந்து செய்யும் இதய அறுவைக்குப் பின் சில வாரங்களுக்கு நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கலாகாது என்பது பொதுவான அறிவுரை. அதை அரிசி மூட்டைக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் பொருத்திப் பார்க்கும் நாம், செடித் தொட்டிக்குப் பொருத்திப் பார்ப்பதில்லை. செடிதானே என்று வெயிலுக்கு நகர்த்தப் போய், நெஞ்சு வலியோடு திரும்பி வந்தவரை நாங்கள் கண்டிருக்கிறோம்.

கணக்கு எளியது. வட்டமான பையின் குறுக்களவில் பாதி அதன் ஆரம். ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, 3.14 ஆல் பெருக்கி, மண் நிற்கும் உயரத்தாலும் பெருக்கினால் கன சென்டிமீட்டர் வரும். அதை 1,000 ஆல் வகுத்தால் லிட்டர். கத்தரிக்கும் தக்காளிக்கும் ஏற்ற, 30 செ.மீ. குறுக்களவும் 30 செ.மீ. உயரமும் கொண்ட குரோ பேக்கை எடுத்துக்கொள்வோம். நீர் வழியாதிருக்க மேலே 4 செ.மீ. விடவேண்டும், ஆகவே உயரம் 26. 15 × 15 × 3.14 × 26 என்பது 18,369; ஏறத்தாழ 18 லிட்டர். நீர் ஊற்றியதும் மண் அமிழும் என்பதால் 20 லிட்டராகக் கலந்து வைத்துக்கொள்வது நல்லது.

அடி குறுகிய தொட்டியானால் வாய்க்கும் அடிக்கும் சராசரி குறுக்களவைக் கொள்ளலாம். வாய் 30, அடி 20, மண்ணின் உயரம் 25 எனில் சராசரி 25; விடை 12.3 லிட்டர். நுட்பமான சூத்திரம் 12.4 என்கிறது. செடிக்கு இந்த வேறுபாடு தெரியப்போவதில்லை. பழைய பெயின்ட் வாளியானால் கணக்கே வேண்டா. கொள்ளளவு அதன்மேலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

அடியில் ஓட்டுச் சில்லும் கல்லும் பரப்பும் வழக்கம் பலரிடம் உண்டு. அதனால் வடிகால் மேம்படுவதில்லை. ஈரம் தேங்கும் மட்டம் வேருக்கு அருகே உயர்கிறது, சுமையும் கூடுகிறது. துளை மண்ணால் அடைபடாதிருக்க ஒரு சில்லே போதும்.

இனி எடை. மண், மட்கிய எரு, தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து நனைத்து, ஒரு லிட்டர் மட்டும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். நன்கு நனைந்த கலவை லிட்டருக்கு ஒரு கிலோவைத் தாண்டுவது வழக்கம். வெறும் செம்மண் ஒன்றரைக் கிலோவையும் தாண்டும். அப்படியானால் நாம் கணக்கிட்ட கத்தரிப் பை 18 கிலோவுக்கும் மேல். கொத்தமல்லிக்கான சிறு தொட்டியையும் பார்ப்போம். 20 செ.மீ. குறுக்களவு, 15 செ.மீ. மண், 4.7 லிட்டர். நீர் ஊற்றியபின் அதுவும் ஐந்து கிலோவை எட்டிவிடும். ஆகவே வெற்றுத் தொட்டியை அதற்குரிய இடத்தில் முதலில் வைத்து, ஒரு லிட்டர் குவளையால் நிரப்புக. நிரம்பியபின் நகர்த்த நேர்ந்தால் அது வீட்டிலுள்ள மற்றவர் வேலை.

உறுப்பு மாற்றம் செய்துகொண்டோரும் புற்றுநோய் மருந்து பெறுவோரும் மண்ணைக் கலப்பதையே தவிர்க்கவேண்டும். மண்ணிலும் எருவிலும் வாழும் பூஞ்சைகளின் நுண்வித்துகள் காற்றில் எழுந்து, எதிர்ப்பாற்றல் குன்றியவரின் நுரையீரலைத் தாக்கக்கூடும். அவர்கள் விலகியிருக்கும்போது வேறொருவர் கலக்கட்டும். அவரும் நீர் தெளித்துப் புழுதி அடங்கிய பின்னரே கிளறட்டும். மற்ற நோயாளிகள் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவுக. நீரிழிவு உடையோர் மாடியில் வெறுங்காலோடு நிற்கலாகாது. எத்தனை லிட்டர், எத்தனை கிலோ என்று எழுதிய தாளை அடுத்த பரிசோதனைக்கு வரும்போது கொண்டுவந்தால், எதை எப்போது தூக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டறியலாம்.